அப்பாவின் ஏரியல்

போன வாரம் கூலாயில் காரைக் கழுவக் கொடுத்திருந்தேன். பக்கத்தில் பழைய டட்சன் 120ஒய் ஒன்று நின்றது. "அந்தக் காரில் ஏன்ப்பா கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது?" என்றாள் மகள். நம் கார் கூரையில் சுறாத் துடுப்புபோல் இருக்கிறதே, அதன் தாத்தாதான் இது என்றேன். அவள் நம்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு டட்சன். மூன்றாம் கை வண்டிதான். ஆனாலும் அப்பா அதை மாப்பிள்ளைபோல் வைத்திருந்தார். இருக்கையில் மரமணி விரிப்பு, டாஷ்போர்டில் பிள்ளையார், பின்கண்ணாடி ஓரம் தலையாட்டும் நாய்ப் பொம்மை. எல்லாவற்றுக்கும் மேலே ஏரியல்! ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்களை இழுத்து உயர்த்துவது என் வேலை. தோட்டத்துச் செம்மண் புழுதி புகுந்தால் சிக்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்போம்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும்போது நம் வானொலி 6 இரைந்தால், அப்பா முள்ளைத் திருப்புவார். செனாய் தாண்டினால் சிங்கப்பூரின் 96.8 தெளிவாகக் கேட்கும். அம்மாவும் கூடவே முணுமுணுப்பார்.

ஒருநாள் அவசரத்தில் சாய்த்து இழுத்தேன். ஏரியல் முறிந்தது. துண்டைச் சீட்டுக்கடியில் ஒளித்துவிட்டு, "யாரோ ஒடிச்சிட்டாங்கப்பா" என்றேன். வம்புக்கு ஏரியல் ஒடிக்கும் பையன்கள் அப்போது எல்லா ஊரிலும் உண்டு. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தி, முக்கால் மீட்டருக்கு வெட்டிச் செருகினார். பாட்டு வந்துவிட்டது.

அந்த அளவுக்குக் காரணம் உண்டு. பண்பலை ஒலிபரப்பு 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். ஆறாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று பல காலம் வியந்திருக்கிறேன்.

அப்பா காலமான பிறகுதான் அம்மா சொன்னார். அவர் கணக்கெல்லாம் போடவில்லையாம். சீட்டுக்கடியில் கிடந்த துண்டை எடுத்து, வண்டியில் மிஞ்சியதோடு சேர்த்துவைத்து அளந்தாராம்.

இப்போது என் காரில் ஒடிக்க ஏரியல் இல்லை. ஆனால் மகள் ஒளித்துவைத்த ஏதோ ஒன்று என்றைக்காவது சீட்டுக்கடியில் என் கையில் தட்டுப்படும். அன்று அப்பாவைப்போல் பேசாமல் இருக்க என்னால் முடியுமா, தெரியவில்லை.