செல்போன் முதலாளிகளின் பொய்க்கால் குதிரைச் சண்டை

“ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் போட்டி! கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் போட்டி! மைக்ரோசாப்ட் சும்மா இருக்குமா, அதுவும் களத்தில் குதித்துவிட்டது!” என்று முதலாளிகளின் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகின்றன. போட்டி இருந்தால் விலை குறையுமாம். சரக்கு தரமாகுமாம். ஜனங்களுக்குக் கொண்டாட்டமாம். சேவல்கட்டில் பந்தயம் பிடிக்கிறவன் கூட்டத்தைப் பார்த்துக் கூவுவதுபோல, “நீ எந்தக் கட்சி?” என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். பிள்ளைகளும் ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் வாதாடுகிறார்கள்.

சேவல் சண்டையில் சேவலாவது நிஜமாகச் சாகிறது. இங்கே யார் சாகிறார்கள் என்று பார்ப்போம்.

2011 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி சாம்சங் மீது அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குப் போட்டது. ஓரம் வளைந்த நீள்சதுர உருவம் எங்களுடையது, அதைச் சாம்சங் காப்பியடித்துவிட்டது என்பது பிராதில் ஒரு குற்றச்சாட்டு. நாடு நாடாக வழக்கு நடந்தது. 2012 ஆகஸ்டில் ஜூரிகள் 105 கோடி டாலர் நஷ்டஈடு என்றார்கள். சாம்சங் அப்பீல் செய்தது. விவகாரம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறி இறங்கியது. 2018 மே மாதம் இன்னொரு ஜூரி சுமார் 54 கோடி டாலர் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அடுத்த மாதமே இருவரும் ராஜி செய்துகொண்டார்கள். என்ன ராஜி என்று வெளியே சொல்லவில்லை.

இந்த ஏழு வருஷமும் ஆப்பிளின் செல்போனுக்குள் என்ன இருந்தது? வழக்கு ஆரம்பித்த காலத்தில் அந்தப் போனின் மூளையான சில்லைச் செய்து கொடுத்தது சாம்சங். 2017இல் ஆப்பிள் பெரிய ஆடம்பரத்தோடு வெளியிட்ட ஐபோன் டென்னின் திரையைச் செய்து கொடுத்ததும் சாம்சங்தான். வரப்புத் தகராறில் கோர்ட்டு ஏறிய இரண்டு மிராசுதார்கள், வழக்கு நடந்த காலமெல்லாம் ஒரே களத்தில் கதிரடித்துப் பங்கு பிரித்துக்கொண்ட கதை இது!

கூகுளின் கதை இதைவிட ருசியானது. கூகுளும் ஆப்பிளும் ஜென்மப் பகையாளிகள் என்பது ஊர்ப் பேச்சு. ஒருவன் ஆண்ட்ராய்டு, மற்றவன் ஐபோன். ஆனால் ஆப்பிள் போனைத் திறந்து ஒன்றைத் தேடினால் கூகுள்தான் வந்து நிற்கும். அப்படி நிற்பதற்காக, கூகுள் 2022 ஒரே வருஷத்தில் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர். நம் கணக்கில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! இது அமெரிக்க சர்க்கார் போட்ட ஏகபோக வழக்கில் அம்பலமான கணக்கு. 2024 ஆகஸ்டு 5ந் தேதி, கூகுள் ஏகபோகக் கம்பெனிதான், சட்டத்தை மீறித்தான் அந்த ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். என்ன தண்டனை? 2025 செப்டம்பரில் அதே கோர்ட்டு, தனியுரிமை ஒப்பந்தம் போடாதே, ஆனால் பணம் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. களவு செய்யாதே, களவுப் பொருளை மட்டும் பங்கு போட்டுக்கொள் என்றால் எப்படி இருக்கும்?

நம் நாட்டிலும் ஒரு போட்டிக் கமிஷன் உண்டு. அது 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டைப் போனில் ஏற்ற வேண்டுமா, என் சரக்கு முழுவதையும் சேர்த்து ஏற்று என்று போன் செய்யும் கம்பெனிகளைக் கூகுள் கட்டாயப்படுத்தியது என்பது குற்றம். ரேஷன் கடையில் அரிசி வேண்டுமென்றால் சோப்பும் வாங்கு என்று தலையில் கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே வித்தைதான். மார்க்கெட்டு பெரிது, அவ்வளவே வித்தியாசம்.

போனுக்குள் விற்கும் சரக்குக்கு இவர்கள் பிடிக்கும் வாரம் இன்னொரு கொள்ளை. ஆப்பிள் கடை வழியாகவோ கூகுள் கடை வழியாகவோ ஒருவன் தன் மென்பொருளை விற்றால், நூற்றுக்கு முப்பது வரை கடைக்காரனுக்கு. உழுதவன் ஒருவன், விதைத்தவன் ஒருவன்; களத்துமேட்டில் மரக்காலோடு நிற்கிறவன் வேறொருவன். எதிரும் புதிருமான இரண்டு பண்ணையார்கள் ஆளுக்கொரு களம் வைத்திருக்கிறார்கள். இரண்டு களத்திலும் ஒரே முப்பது என்று வழக்கமானது எப்படி? போட்டி இருந்தால் விகிதம் குறைந்திருக்க வேண்டாமா? சின்னக் கம்பெனிகளுக்கு 15 என்று பிறகு குறைத்தார்கள். முதலில் ஆப்பிள் குறைத்தது, பின்னாலேயே கூகுளும் அதே பதினைந்துக்கு வந்து நின்றது!

விலை குறைந்திருக்கிறதே என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குறைந்தது உண்டு, மறுக்கவில்லை. 2016 செப்டம்பரில் அம்பானியின் ஜியோ இலவசம், இலவசம் என்று தண்டோரா போட்டது. ஊரே சிம் கார்டுக்கு வரிசையில் நின்றது. பெரும் மூலதனத்தின் முன் தாக்குப் பிடிக்க முடியாமல் சின்னவர்கள் சாய்ந்தார்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018இல் திவால் மனுக் கொடுத்தது. ஒரே நாளில் லட்சக்கணக்கான போன்கள் ஊமையாயின. மிஞ்சிய தனியார் மூன்று பேர். 2024 ஜூன் கடைசியில் ஜியோ கட்டணத்தை ஏற்றியது. மறுநாளே ஏர்டெல் ஏற்றியது. வோடபோன் ஐடியாவும் ஏற்றியது. எல்லாம் இரண்டு நாளுக்குள்! நாற்று நடும் பெண்கள் கூலியில் பத்து ரூபாய் ஏற்றிக் கேட்டால், அந்த வருஷம் முழுக்கப் பஞ்சாயத்து நடக்கிறது.

ஜியோவில் யார் யாருக்குப் பங்கு? 2020இல் பேஸ்புக் 43,574 கோடி ரூபாய் போட்டது. அதே வருஷம் கூகுள் 33,737 கோடி போட்டது. விளம்பர வியாபாரத்தில் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடிப்பதாகச் சொல்லப்படும் இரண்டு பேர், ஒரே திண்ணையில்! கூகுள் அதோடு நிற்கவில்லை. 2022இல் ஜியோவின் எதிரியான ஏர்டெல்லிலும் பங்கு வாங்கியது. எந்தச் சேவல் ஜெயித்தாலும் பந்தயப் பணம் ஒரே மடியில் விழ வேண்டும் என்பது ஏற்பாடு.

சண்டையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நிஜச் சண்டையும் உண்டு. அது நடக்கும்போது யார் தலை உருளும் என்பதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. புதுவையிலிருந்து நாலு மணி நேரப் பஸ் பயணத்தில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது.

அங்கே 2006இல் நோக்கியா ஆலை திறந்தது. விசேஷப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை, நிலம், மின்சாரம், எல்லாம் சர்க்கார் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். பாதிக்கு மேல் இளம் பெண்கள். 2010இல் ஒரு பெண் எந்திரத்தில் சிக்கி உயிர்விட்டார். ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் வந்ததும் நோக்கியாவின் வியாபாரம் சரிந்தது. 2011இல் மைக்ரோசாப்டோடு கைகோத்தது. 2013 செப்டம்பரில் செல்போன் பிரிவையே மைக்ரோசாப்டுக்கு விற்றது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையோ வரி பாக்கித் தகராறில் ஜப்தியாகிக் கிடந்தது. மைக்ரோசாப்ட் அதை மட்டும் வேண்டாமென்று ஒதுக்கியது. விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வை விரும்புகிற தொழிலாளியை உலகத்தில் யார் கண்டார்கள்? 2014 நவம்பர் 1ந் தேதி ஆலைக்குப் பூட்டு விழுந்தது. விற்பனையை முடித்துக் கொடுத்த நோக்கியா தலைவருக்கு ஒரு கோடியே 88 லட்சம் யூரோ என்று கம்பெனியே அறிவித்திருந்தது. அடுத்த வருஷம் மைக்ரோசாப்ட், அந்த வியாபாரம் பிடிக்கவில்லை என்று கணக்கை எழுதித் தள்ளிவிட்டு, பல தேசங்களில் 7,800 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

அந்த ஆலைக் கட்டடம் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? 2019இல் சால்காம்ப் என்ற கம்பெனி அதை வாங்குவதாக அறிவித்தது. எதற்கு? ஆப்பிள் போன்களுக்கு சார்ஜர் செய்ய! நோக்கியாவைக் கவிழ்த்தவனுக்கு நோக்கியாவின் கூரையடியிலேயே வேலை நடந்தது. முதலாளி மாறினான், போர்டு மாறியது. 2014இல் வெளியே அனுப்பப்பட்ட பெண்களின் பறிபோன சம்பளத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

நம் புதுவையும் இந்த ஆட்டத்துக்கு வெளியே இல்லை. வரிச் சலுகையைக் காட்டி, எச்.சி.எல்., விப்ரோ முதலான கம்பெனிகள் இங்கே கம்ப்யூட்டர் பூட்டும் ஆலைகளை வைத்தன. உலகச் சந்தையில் பெரிய மீன்கள் வந்ததும், 2013இல் இரண்டு கம்பெனிகளும் கம்ப்யூட்டர் தொழிலைக் கைகழுவின. ஐ.பி.எம்மின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை 2005இல் வாங்கிய சீனத்து லெனோவோவின் ஆலை இன்றும் இங்கே நடக்கிறது. வருஷத்துக்கு 50,000 செயற்கை அறிவு சர்வர்கள் இங்கே தயாராகும் என்று 2024இல் அறிவித்தார்கள். நல்லது. 1898இல் தொடங்கி, ஒரு காலத்தில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஏ.எப்.டி. மில்லுக்கு 2020 ஏப்ரல் 30ந் தேதியோடு மூடுவிழா நடத்திய மந்திரிமார்களும் அதிகாரிகளும், ஒரு சர்வருக்கு எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேர் காண்ட்ராக்ட் என்ற கணக்கையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

வியாபாரத்தில் அடித்துக்கொள்ளும் இவர்கள், கூலி விஷயம் வந்தால் எப்படி ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஆகிறார்கள் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகியவை, ‘உன் ஆளை நான் கூப்பிட மாட்டேன், என் ஆளை நீ கூப்பிடாதே’ என்று ரகசிய உடன்பாடு செய்துகொண்டிருந்தன. அதிகச் சம்பளம் கேட்டு ஒரு இஞ்சினியர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடக்கூடாது! 2010இல் அந்நாட்டு நீதி இலாகா இதைப் பிடித்தது. சுமார் 64,000 ஊழியர்கள் சார்பில் வழக்கு நடந்து, 2015இல் 41 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்கள். பக்கத்துப் பண்ணை ஆளுக்கு வேலை கொடுக்காதே என்று மிராசுதார்கள் கட்டுப்பாடு போட்டதைத் தஞ்சைப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். படித்த இஞ்சினியருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், விழுப்புரத்திலிருந்தும் நம் பாகூர், திருக்கனூர் பக்கத்திலிருந்தும் பாக்ஸ்கான் போன்ற ஆலைகளுக்குப் போகும் பெண்பிள்ளைகளின் கதி என்ன? 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் விஷமாகிப்போன சாப்பாட்டைத் தின்று 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான், விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு இல்லை என்பது ஆப்பிள் கம்பெனியின் கண்ணில் பட்டது.

வேலை நேரத்தைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் கர்நாடகம் 12 மணி நேர வேலைக்குச் சட்டத்தைத் திருத்தியது. எலெக்ட்ரானிக் கம்பெனிகள் கேட்கின்றன என்பது ஊரறிந்த ரகசியம். ஏப்ரல் 21ந் தேதி தமிழ்நாடு சட்டசபையிலும் அதே மாதிரி மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். சாம்சங் ஆள் எட்டு மணி, ஆப்பிள் ஆள் பன்னிரண்டு மணி என்று இவர்களில் எவராவது போட்டி போட்டதுண்டா? பன்னிரண்டு மணி என்றால் எல்லாருக்கும் இனிக்கும்.

எட்டு மணி நேரம் புதுவைக்காரனுக்கு வெறும் சட்டப் புத்தகச் சங்கதி அல்ல. 1936 ஜூலை 30ந் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியம் சுட்டது. 12 பேர் பிணமானார்கள். அதன் பிறகுதான், 1937இல் எட்டு மணி நேர வேலைநாள் இந்த ஊரில் சட்டமாயிற்று. அந்த 12 பேரின் ரத்தத்தில் எழுதிய சட்டத்தை, செல்போன் பூட்ட அவசரமாயிருக்கிறது என்று அழிக்க நமக்குச் சம்மதமா?

கடைசியாகச் சுங்குவார்சத்திரம். அங்கே சாம்சங் ஆலையில் குளிர்ப்பெட்டியும் துணி துவைக்கும் எந்திரமும் டெலிவிஷனும் செய்கிறார்கள். 2024 செப்டம்பர் 9ந் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். பந்தலைப் போலீஸ் பிரித்தது. தலைவர்களை ராத்திரியில் கைது செய்தது. முதல் கோரிக்கை என்ன? சங்கத்தை அங்கீகரி என்பது. கம்பெனியின் ஆட்சேபம் என்ன தெரியுமா? சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக்கூடாதாம்! வளைந்த ஓரம் யாருக்கும் தனிச் சொத்தல்ல என்று அமெரிக்காவில் ஏழு வருஷம் வாதாடிய அதே கம்பெனி, காஞ்சிபுரம் ஜில்லாவில் நாலு எழுத்துப் பெயரைக் கூடத் தொழிலாளிக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றது. அமெரிக்காவிலே எதிர்க்கட்சி ஆப்பிள்; இங்கே எதிர்க்கட்சி, அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு அதன் சரக்கைச் செய்கிறவன்.

வழக்கு ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஜனவரி 27ந் தேதி சங்கம் பதிவாயிற்று. பதிவுப் புத்தகத்தில் ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ என்றே எழுதியிருக்கிறது. சில நாளில் மூன்று பேரை மானேஜ்மெண்ட் சஸ்பெண்டு செய்தது. தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள்.