அரசர் பட்டியல் மட்டும் வரலாறாகுமா?

யாழ்ப்பாணத்து ஊர்களில் வரலாற்றுக் கழகங்கள் பல மாணவருக்கு வினாவிடைப் போட்டிகளும் கந்தரோடைச் சுற்றுலாக்களும் நடத்துகின்றன. அம்முயற்சியை நாம் பழிக்கவில்லை. ஆனால், ஆரியச் சக்கரவர்த்திகளின் பெயர்களை வரிசை பிறழாது ஒப்புவிக்கும் மாணவன், தன் ஊர்க் கிணற்றில் நீரள்ள யார் தடுக்கப்பட்டனர் என்பதை அறியான், அறிவிப்பாருமிலர்.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தும், கோயில்களும் தேநீர்க்கடைகளும் எல்லார்க்கும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சாதிக்கொடுமைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. இவை எமது வரலாறு அல்லவா? ஊர்ப்பெருமை குன்றுமென அஞ்சி இவற்றை மறைப்பது வரலாற்றுப் பணியன்று. மேட்டுக்குடியினரின் வழக்கை வாதாடும் பணியே.

அன்று இருபது வயதினராய் நின்றோர் இன்று எண்பதை அணுகுகின்றனர். கல்வெட்டுக் காத்திருக்கும், மனிதர் காத்திரார். ஆகவே கழகத்தாரைக் கேட்கிறோம்: பரிசுக் கிண்ணங்கள் போதும். இளைஞர் கையிற் குறிப்பேட்டைக் கொடுத்து அம்முதியோரின் முற்றங்களுக்கு அனுப்புங்கள். அவர் கூறுவது எழுத்திலேறாதவரை, எந்த ஊரின் வரலாறும் பாதி வரலாறே.