இலை உங்களுடையது, அடுப்பு யாருடையது?



சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துட்டு வந்ததிலேருந்து எங்க வீட்டுக்காரர் கவுச்சியே வேணாங்கறார். நல்லதுதான். ஆனா பசங்களுக்கு மீன் வேணும், மாமியாருக்குக் கருவாடு வேணும். எனக்கு ரெண்டு சமையலா ஆயிடுச்சு.”

சிரிப்பு வந்தது. கூடவே, இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லையே என்றும் தோன்றியது.

அசைவத்தை விடுவது அவரவர் மனசைப் பொறுத்தது. புரட்டாசிக்கு நிறுத்தி அப்படியே தொடர்ந்தவர்கள் உண்டு. ஆடு அறுப்பதைப் பார்த்துவிட்டு விட்டவர்கள் உண்டு. டாக்டர் சொல்லி விட்டவர்களும் உண்டு. பக்கத்திலேயே வீராணம் ஏரியை வைத்துக்கொண்டு மீனை மறப்பது லேசான காரியமா? மத்திய அரசின் 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் விடுகிறார் என்றால் அதற்கு மன உறுதி வேண்டும். பாராட்டுவோம்.

ஆனால் முடிவெடுத்தவர் ஒருவர், அதற்காக அடுப்படியில் நிற்பவர் இன்னொருவர் என்றால் எப்படி? நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறது? மனைவி அசைவத்தை விட்டால், தான் சாப்பிடாத குழம்பையும் அவரேதான் வைக்கிறார். உப்பு பார்க்கக்கூட முடியாது. கணவர் விட்டால் அன்றைக்கே தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த வாசகியின் கணவர் போய்வந்த வடலூரையே பாருங்கள். வள்ளலார் அங்கே பசித்தவர்களுக்குச் சோறு போடும் சத்திய தருமசாலையைத் தொடங்கியது 1867 மே 23 அன்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஜோதி காட்டும் சத்திய ஞானசபை அதற்குப் பிறகு, 1872இல் வந்தது. புலால் மறுத்தவர்கள்தான் சபைக்குள் வரவேண்டும் என்று கண்டிப்பாக வைத்தவர் அவர். தருமசாலையில் அந்தக் கண்டிப்பு கிடையாது. புலால் உண்பவராக இருந்தாலும் பசி என்று வந்தால் சோறு போட வேண்டும் என்பது அவர் எழுதிவைத்த கொள்கை. சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, நேற்று என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்பதில்லை.

சைவத்துக்கு மாறிய கையோடு அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களையும், அசைவம் சமைப்பீர்கள் என்றால் வீடு வாடகைக்கு இல்லை என்கிறவர்களையும் பார்க்கும்போது, வள்ளலாரிடமிருந்து இவர்கள் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. நம் பள்ளிச் சத்துணவில் இந்தச் சிக்கலே கிடையாது. முட்டை சாப்பிடுகிற பிள்ளைக்கு முட்டை, சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் விளையாடப் போய்விடுகிறார்கள்.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மீனை நிறுத்திவிட்டு ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டால் அது சைவ உணவு ஆகாது, அரைப்பட்டினிதான். பருப்பு, கொண்டைக்கடலை, காராமணி, வேர்க்கடலை என்று தினமும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீயும் காபியும் அதைக் கெடுக்கும். பி12 வைட்டமின் செடி கொடிகளிலிருந்து கிடைப்பதில்லை. பால், தயிர், மோர் தாராளமாகச் சேருங்கள். பாலையும் விட்டவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதால் பெண்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். வளரும் பிள்ளைகளை உங்கள் விரதத்துக்குள் இழுக்காதீர்கள். விவரம் தெரிந்த வயதில் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

சைவத்துக்கு மாறிய ஐயாமார்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது உங்களுக்கான சாம்பாரை நீங்களே வையுங்கள். குக்கரில் பருப்பு வேக மூன்று விசில்தான்.

அன்புடன்,
ஆசிரியர்