போடியார் இல்லாத வயல்கள்

மட்டக்களப்பாருக்குப் “போடியார்” யாரென்று விளக்கத் தேவையில்லை. வடக்கில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கல்வீடு கட்டி இருந்துகொண்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெருவயல் வைத்திருந்தவர் போடியார். தமிழரிலும் இருந்தார்கள், முஸ்லிம்களிலும் இருந்தார்கள். சிலரின் பெயரோடேயே “போடி” ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் கமக்காரர் என்றால் மண்வெட்டி பிடிப்பவரும் அதில் அடங்குவார். போடியார் என்ற சொல்லில் மண்வெட்டி இல்லை. அதைப் பிடித்தவர்கள் முல்லைக்காரனும் வயற்காரனும்.

நான் முல்லைக்காரர் குடும்பத்தில் வந்தவன். அதனால் போடியாரை நினைத்து ஏங்க என்னிடம் ஒன்றுமில்லை. விதைநெல்லைக் கடனாகத் தருவார். வேளாண்மை வெட்டிச் சூடடித்ததும் களவெட்டியிலேயே வட்டியோடு அளந்து எடுப்பார். மிஞ்சினதுதான் எங்களுக்கு. வேலைவெட்டி இல்லாமல் திண்ணையில் இருப்பவனை “இவர் பெரிய போடியார்” என்று இன்றும் பகிடி பண்ணுகிறோம் என்றால், அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு கசப்பு இருந்திருக்க வேண்டும்?

ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு கடப்பாடும் இருந்தது. மாரியில் வீட்டில் நெல் முடிந்தால் அவருடைய வாசலில் போய் நிற்கலாம். எங்கள் செத்தவீட்டுக்கு அவர் வராவிட்டால் ஊர் அவரைத்தான் குறை சொல்லும். சுரண்டினார், ஆனால் முகம் தெரிந்தவராக இருந்து சுரண்டினார்.

யுத்தம் இதை அறுத்தது. 1990க்குப் பிறகு படுவான்கரையில் முஸ்லிம் உரிமையாளர்கள் பலர் தங்கள் வயலுக்குப் போக முடியாமல் போனது. 2002 ஏப்ரலில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் சந்தித்தபோது இந்த வயல்களின் கதையும் பேசப்பட்டது. தமிழ்ப் போடியார்களின் பிள்ளைகள் பலர் கொழும்புக்கும் லண்டனுக்கும் கனடாவுக்கும் போனார்கள். 2006, 2007இல் படுவான்கரைச் சனமே மொத்தமாக இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வயல் பற்றைக்காடு. அதை வெட்டி, வரம்பு கட்டி, திரும்ப வயலாக்கியது யார் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவில்லை. இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான விடயம் அதுதான்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. பாதைப்படகுக்குக் காத்திருந்த தூரம் சில நிமிடமாகியது. நல்லதுதான், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவனுக்கு அதன் அருமை தெரியும். கூடவே நகரத்துக் காசும் பாலத்தால் வந்தது. டொக்டர், என்ஜினியர், கடை முதலாளி, வெளிநாட்டில் இருப்பவர் என்று வயல் வாங்குகிறார்கள். இவர்களை யாரும் போடியார் என்பதில்லை. “டொக்டர்ர வயல்”, “லண்டன்காரர்ர வயல்” என்று வயலுக்குத்தான் பெயர் இருக்கிறது. ஆளுக்கு ஊர் இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்கிற அளவுக்கு ஆளைக் கண்டதுமில்லை. குத்தகைக் காசு வங்கிக்குப் போகும், மிச்சமெல்லாம் வட்ஸ்அப்பில் நடக்கும்.

குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு, அதுவும் ஒரு போகத்துக்கு. ஏன் இரண்டு போகத்துக்குத் தருவதில்லை என்று கேட்டால் உரிமையாளர் சொல்வது, “பத்து வருசம் இருந்தா காணியை எழுதி எடுத்திருவாங்கள்.” 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தைத்தான் சொல்கிறார். பாதிச் சட்டம் தெரிந்த பயம் இது. அந்தச் சட்டத்தின்படி, பத்து வருடம் இருந்தவர் உரிமையாளரின் உரிமையை ஏற்காமல் எதிராக இருந்திருக்க வேண்டும். குத்தகை கட்டுகிறவன் ஒவ்வொரு போகமும் “இது உங்கட காணி” என்று ஒப்புக்கொண்டுதான் கட்டுகிறான். அதை எழுத்தில் வைத்தால் பாதுகாப்பு முதலில் உரிமையாளருக்கே. யுத்தத்தால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டமும் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது அது. ஆனால் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான் தந்தார்கள். வெளிநாட்டில் இருந்த எத்தனை பேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்?

உரிமையாளரின் உண்மையான பயம் வேறு என்று நினைக்கிறேன். 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டத்தின் காலத்திலிருந்தே, வயலில் குத்தகைச் செய்கைக்காரனின் பெயர் பதிவானால் அவனை நினைத்தபடி எழுப்ப முடியாது. இன்று நடைமுறையில் உள்ள 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டமும் அவனுக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அதனால்தான் பெயர் பதியப்படுவதில்லை. அனுமதிப்பத்திரக் காணியென்றால் கதை இன்னும் மோசம். குத்தகைக்குக் கொடுப்பதே நிபந்தனைக்கு எதிரானது என்பதால் இரண்டு பேருமே வாய் திறக்க மாட்டார்கள்.

பெயர் இல்லாததன் விலை என்ன? 2024 பெரும்போகத்துக்கு உரமானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா என்றார்கள். அது கமநல சேவை நிலையத்தில் பதிவு உள்ளவரின் கணக்குக்குப் போகிறது. அதே நவம்பரில் வெள்ளம் வந்து வேளாண்மையை அழித்தது. இழப்பீடு ஏக்கருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா. விதைத்தவன், உழவு மெசினுக்குக் கடன்பட்டவன், நகையை அடகு வைத்தவன் குத்தகைக்காரன். பதிவு அவன் பெயரில் இல்லையென்றால் அந்தக் காசு யாருடைய கணக்குக்குப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வந்த காசைத் திருப்பிக் கொடுக்கிற உரிமையாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் நல்ல மனதை நம்பி ஒரு போகத்தை விதைப்பது போடியார் காலத்து ஏற்பாடு. அன்றைக்கு வாசலில் போய் நிற்கவாவது ஒரு வாசல் இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களை வில்லன்களாக்க நான் வரவில்லை. அவர்களில் பலர் துரத்தப்பட்டுப் போனவர்கள். அந்த ஒரு துண்டு வயல்தான் அவர்களுக்கு மிஞ்சிய ஊர். விற்க மனமில்லை, வந்து செய்யவும் முடியாது. அவர்களிடம் கேட்பது சின்ன விடயம்: வயலை யார் செய்கிறார் என்று ஒரு கடிதம் எழுதி, அந்தப் பிரதி கமநல சேவை நிலையத்தில் இருக்கட்டும். மானியமும் இழப்பீடும் விதைத்தவனுக்கே என்று அதில் ஒரு வரி சேர்க்கட்டும். விவசாய அமைப்புகளும் போக ஆரம்பக் கூட்டத்தில், எந்த வட்டையில் எந்த வயலை யார் செய்கிறார் என்ற பட்டியலைத் தாங்களே எடுக்கலாம். தண்ணீர் பங்கிட வட்டைவிதானைக்கு அந்தப் பட்டியல் எப்படியும் மனப்பாடமாகத் தெரியும். அடுத்த பெரும்போகக் கூட்டத்துக்கு முன்னர் அதை ஒரு கொப்பியில் எழுத வேண்டியதுதான் பாக்கி.