க்ரிஷ் எங்கே பறந்து போனான்?



போன வாரம் மாங்காடு காமாட்சி அம்மன் கோயில் பக்கம் பஸ்சுக்காக நின்றபோது ஒரு பெரிய சண்டையைப் பார்க்க நேர்ந்தது. பயப்படாதீர்கள், வாய்ச்சண்டைதான். பள்ளிவிட்டு வந்த நான்கைந்து பிள்ளைகள். அதற்கு முதல் நாள் டி.வி.யில் 'க்ரிஷ் 3' தமிழில் போட்டிருக்கிறார்கள். "நாலாவது பாகம் ஏன்டா இன்னும் வரல?" என்று ஒருவன் கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஹீரோவுக்கு வயசாயிடுச்சுடா!"

"அவங்ககிட்ட காசு இல்லையாம். எங்க அண்ணன் சொன்னான்."

"அவெஞ்சர்ஸ் பார்த்தவன் இதைப் பார்ப்பானா? நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வராதுடா!"

கடைசியாகச் சொன்னவன் ஒன்பதாவது படிப்பவன் போல இருந்தான். இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டித் தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் வராது? வரும்!" என்றாள். "எப்படி வரும்?" என்று அவன் கேட்க, அவள் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. முண்டியடித்து ஏறிப் போய்விட்டார்கள்.

அந்தத் தங்கையின் கட்சிக்கு வக்காலத்து வாங்கலாம் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால், அந்த அண்ணன் சொன்னதிலும் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

முதலில் படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 2003-ல் 'கோயி மில் கயா' என்ற இந்திப் படம் வந்தது. ரோஹித் என்று ஒரு பையன். உடம்பு வளர்ந்துவிட்டது, மனசு மட்டும் சின்னக் குழந்தை. பள்ளியில் எல்லாரும் கேலி செய்வார்கள். அவனுக்கு ஜாது என்ற வேற்றுக்கிரகக் குட்டி நண்பனாகிறது. வெயில் பட்டால்தான் ஜாதுவுக்குச் சக்தி! இயக்குநர் ராகேஷ் ரோஷன். நடித்தவர் அவருடைய மகன் ஹிருத்திக் ரோஷன். இசை, ராகேஷின் தம்பி ராஜேஷ் ரோஷன். மொத்தத்தில் ஒரு வீட்டுத் தயாரிப்பு!

2006 ஜூனில் இரண்டாவது படம், 'க்ரிஷ்'. ரோஹித்தின் மகன் கிருஷ்ணாதான் ஹீரோ. அவனிடம் அசாத்திய சக்தி இருப்பது பாட்டிக்குத் தெரிகிறது. உலகம் தெரிந்துகொண்டால் பேரனை நம்மிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று பயந்து, மலைக்கிராமத்தில் ஒளித்து வளர்க்கிறாள். சக்தியை யாருக்கும் காட்டக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொள்கிறாள். பிறகு சிங்கப்பூரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பிடிக்கிறது. உள்ளே குழந்தைகள். காப்பாற்றப் போனால் பாட்டிக்குக் கொடுத்த வாக்கு போச்சு. போகாவிட்டால் குழந்தைகள் உயிர் போச்சு. என்ன செய்வான்? கீழே உடைந்து கிடந்த கறுப்பு முகமூடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு பாய்கிறான். க்ரிஷ் பிறந்தது அப்படித்தான்.

2013 தீபாவளிக்கு மூன்றாவது படம் வந்தது. அதோடு சரி. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்! அதன் பிறகு 'அடுத்த வருடம்', 'அதற்கடுத்த வருடம்' என்று செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. 2025 மார்ச்சில்தான், நான்காவது பாகத்தை ஹிருத்திக்கே இயக்குவார் என்று அவருடைய அப்பா அறிவித்தார். வெறும் அறிவிப்பு வருவதற்கே 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

ஏன் இத்தனை தாமதம்?

வயசு என்ற காரணத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018-ல் '2.0' வந்தபோது ரஜினிகாந்துக்கு வயது 67. சிட்டி ரோபோவைப் பார்த்து நீங்கள் விசில் அடிக்காமலா இருந்தீர்கள்? ரோஷன் வீட்டில் வேறொரு துன்பம் வந்தது உண்மை. 2019 தொடக்கத்தில் ராகேஷ் ரோஷனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை பெற்று மீண்டு வந்தார். அதில் கொஞ்ச காலம் போயிற்று.

பெரிய தடை பணம்தான். இதை ராகேஷ் ரோஷனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த அண்ணன் சொன்ன தகவல் சரிதான்! அது ஏன் அவ்வளவு செலவு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. க்ரிஷ் பத்து நிமிடம் பறக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் என்றால் 600 நொடி. 600-ஐ 24-ஆல் பெருக்கினால் 14,400 படங்கள். நடிகரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுத்தான் படம் பிடிப்பார்கள். அந்தக் கம்பியை ஒவ்வொரு படத்திலும் கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டும். பின்னால் இருக்கும் பச்சைத் திரையை எடுத்துவிட்டு வானத்தை வைக்க வேண்டும். மேகம், நிழல், காற்றில் ஆடும் கோட்டு எல்லாம் பொருந்தி வர வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் செய்யும் வேலை இது. அத்தனை பேருக்கும் மாதச் சம்பளம். தயாரிப்பாளர் கடன் வாங்கியிருந்தால் அதற்கு வட்டி வேறு. வேலை முடியும்வரை ஒரு டிக்கெட் கூட விற்க முடியாது!

2019-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தின் செலவு நம் கணக்கில் 2,000 கோடி ரூபாயைத் தாண்டும் என்கிறார்கள். அவர்கள் உலகம் முழுவதும் டிக்கெட் விற்கிறார்கள். நம் படத்துக்கு அவ்வளவு பெரிய சந்தை கிடையாது. ஆக, இது திறமை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. 2013-ல் ஆஸ்கர் வாங்கிய 'லைஃப் ஆஃப் பை' படத்தில் படகில் ஒரு புலி வருமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கிராபிக்ஸ் நிறுவனத்தின் மும்பை, ஹைதராபாத் கிளைகளில் இருந்த நம்மவர்களும் அந்தப் படத்துக்காக வேலை பார்த்தார்கள். 'நமக்கு வராது' என்ற பேச்சு இங்கேயே பாதி அடிபட்டுப் போகிறது, இல்லையா?

சரி, 'செலவைக் குறைத்து எடுத்துவிட்டால் என்ன?' என்று கேட்பீர்கள். அதைச் செய்து பார்த்து அடிவாங்கியவர் யார் தெரியுமா? சாட்சாத் சூப்பர்மேன்! 1938-ல் காமிக்ஸில் பிறந்த, சூப்பர் ஹீரோக்களுக்கெல்லாம் பெரியண்ணன். 1978-ல் வந்த அவர் படம் சக்கைப்போடு போட்டது. (தெலுங்கில் என்.டி.ராமராவ் கூட 1980-ல் 'சூப்பர்மேன்' ஆகிப் பறந்தார். அவருக்குச் சக்தி கொடுத்தவர் ஆஞ்சநேயர்!) 1987-ல் நான்காவது சூப்பர்மேன் படம் எடுத்தபோது, தயாரிப்பு நிறுவனம் பணத்தை ஏறக்குறைய பாதியாக வெட்டிவிட்டது. விளைவு? சூப்பர்மேன் நேராக நம்மைப் பார்த்துப் பறந்து வரும் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஒட்டிவைத்தார்கள். ரசிகர்கள் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டார்கள். அதோடு படுத்த சூப்பர்மேன் சினிமாவில் எழுந்திருக்க 19 ஆண்டுகள் ஆயின. அடுத்த படம் வந்தது 2006 ஜூனில், நம் க்ரிஷ் வந்த அதே மாதம்!

பணத்தின் கதை இது. ஆனால், பணம் மட்டும்தான் காரணம் என்றால் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

முதல் படத்தில் கேலிக்கு ஆளான ஒரு பையன் இருந்தான். இரண்டாவதில் பாட்டிக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. கேலிப் பேச்சு நமக்கும் தெரியும். பாட்டி நம் வீட்டிலும் இருக்கிறார். மூன்றாவதில் என்ன இருந்தது? கொடிய கிருமி, அதைப் பரப்பும் வில்லன், மனிதனும் மிருகமும் கலந்த பிராணிகள், நினைத்த உருவத்துக்கு மாறும் பெண். கிராபிக்ஸ் பிரமாதம்! ஆனால், 'எக்ஸ்-மென்' பார்த்தவர்கள் "இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார்கள். இரண்டாவது படத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஏழு வருடம் போயிருந்தது. அதற்குள் 'அயர்ன் மேன்' 2008-லும், 'அவெஞ்சர்ஸ்' 2012-லும் வந்துவிட்டன. அவர்களுடைய மைதானத்தில், அவர்களுடைய விளையாட்டையே ஆடப் போனால் ஓட்டப் பந்தயத்தில் பின்தங்கத்தானே வேண்டும்? என் கணக்கில், க்ரிஷ் வழி தவறியது அங்கேதான். உங்களுக்கு மூன்றாவது படம்தான் பிடிக்கும் என்றால் சண்டைக்கு வாருங்கள், நான் தயார்!

க்ரிஷ் மட்டுமா நிற்கிறான்? 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் சுழன்று சுழன்று வந்த சக்திமானைக் கேளுங்கள். (உங்கள் அம்மா அப்பாவைக் கேட்டால் எழுந்து சுற்றியே காட்டுவார்கள்!) 2022 பிப்ரவரியில் சக்திமான் சினிமாவாக வரப்போவதாக அறிவித்தார்கள். யார் நடிப்பது என்ற பேச்சிலேயே காலம் ஓடியது. தமிழில் 2012-ல் மிஷ்கின் இயக்கத்தில் ஜீவா நடித்த 'முகமூடி' வந்தது. குங்ஃபூ தெரிந்த, பறக்கத் தெரியாத ஹீரோ. ஒரே படத்தோடு முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

இதில் எனக்குச் செல்லம் இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும்! இங்கிலாந்தில் 1962-ல் தொடங்கிய படக்கதை அது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரைத் தமிழ் பேச வைத்தது. அன்றைய பையன்கள் காசு சேர்த்து, ஒளித்து வைத்துப் படித்தார்கள். அவரைப் படைத்த நாட்டில் கூட இப்படி ஞாபகம் வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். அந்தப் பெயரில் ஒரு படம் எடுப்பது தன் கனவு என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்.

நின்றுபோன வண்டி கிளம்பாது என்று நினைக்க வேண்டாம். 'எந்திரன்' தெரியுமல்லவா? இயக்குநர் ஷங்கர் முதலில் கமல்ஹாசனை வைத்து எடுக்க நினைத்தார். நின்றுபோனது. பிறகு ஷாருக்கான் என்றார்கள். அதுவும் நின்றது. கடைசியில் ரஜினிகாந்த் வந்தார். வசனம் எழுதிய எழுத்தாளர் சுஜாதா 2008 பிப்ரவரியில் காலமானார். அப்படியும் விடவில்லை. 2010 அக்டோபரில் படம் வந்தே விட்டது.

இனி அந்தக் குட்டித் தங்கையின் 'வரும்'. அதற்கு நான் இரண்டு சாட்சிகளைக் கொண்டுவருகிறேன். இரண்டும் பக்கத்து மாநிலமான கேரளத்திலிருந்து.

முதல் சாட்சி, 2021-ல் வந்த 'மின்னல் முரளி'. ஹீரோ ஒரு தையல்காரர். வில்லன் டீக்கடையில் வேலை பார்ப்பவர். இருவர் மேலும் ஒரே இரவில் மின்னல் விழுகிறது. வானுயரக் கட்டடமும் இல்லை, விண்கலமும் இல்லை. ஒரு சின்ன ஊர்தான் களம். அந்த வில்லனை ஊரே ஒதுக்கி வைத்திருக்கும். அவர் கெட்டவராக மாறும்போது நமக்குக் கோபம் வராது, அழுகைதான் வரும். அப்படி நடித்தவர் நம் தமிழ்நாட்டு நடிகர் குரு சோமசுந்தரம்!

இரண்டாவது சாட்சி, 2025 ஆகஸ்டில் வந்து பெரிய வெற்றி பெற்ற 'லோகா'. இதில் சூப்பர் ஹீரோ ஒரு பெண். நடித்தவர் கல்யாணி பிரியதர்ஷன். கொஞ்சம் பயமுறுத்தும் படம், வீட்டில் கேட்டுவிட்டுப் பாருங்கள். கள்ளியங்காட்டு நீலி என்ற பழைய நாட்டுப்புறக் கதையில் இருந்து அந்த நாயகியை உருவாக்கியிருக்கிறார்கள். கள்ளியங்காடு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் தமிழ்நாட்டில், நாகர்கோவில் பக்கத்தில்! நம் வீட்டுத் திண்ணையில் கிடந்த கதையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துப் படமாக்கிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் லேசாகப் பொறாமை வருகிறதே!

நம் திண்ணையில் வேறு கதைகள் இல்லையா என்ன? மாங்காட்டுப் பிள்ளைகளுக்குச் செம்பரம்பாக்கம் ஏரி பக்கம்தான். அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் முதல் தேதி கொட்டிய மழையில் ஏரி நிரம்பி, நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு பொங்கிச் சென்னையின் தெருக்களுக்குள் புகுந்தது. இரவோடு இரவாக மொட்டை மாடிகளில் ஏறி நின்றவர்களில் உங்கள் சொந்தக்காரர்களும் இருக்கலாம். கடற்கரைக் குப்பங்களில் இருந்து மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து, தெருத்தெருவாகத் துடுப்புப் போட்டு ஆட்களைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குக் கோட்டும் இல்லை, முகமூடியும் இல்லை. அந்தப் படகு ஒன்றில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், அவளுக்குத் தண்ணீர் பேசுவது கேட்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். செம்பரம்பாக்கம் பக்கத்திலேயே பெரிய படப்பிடிப்பு அரங்குகளும் இருக்கின்றன. லொகேஷனுக்குச் சிங்கப்பூர் வரை போக வேண்டியதில்லை!

என் ஹீரோயினை நான் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை. உங்கள் ஊர் ஹீரோவை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். குன்றத்தூர் மலை மேல் இருப்பவரா, பூந்தமல்லி பஸ்சில் கண்டக்டரா, ஆவடியில் ரயில் ஓட்டுபவரா, யாராக இருந்தாலும் சரி. மாடியில் இருந்து குதித்துப் பறந்து பார்க்கும் பரிசோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். பேப்பரில் பறந்தால் போதும். என்னென்ன சக்தி என்று நீளப் பட்டியல் போடாதீர்கள், ஒன்றே ஒன்று போதும். அவருக்கு எதைக் கண்டால் பயம், வீட்டில் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை மறக்காமல் எழுதுங்கள். நான் முதலில் படிக்கப் போவது அந்த வரிகளைத்தான்.