உண்ட தட்டு

விருந்தோம்பல் தமிழர் போற்றிவரும் உயர்ந்த பண்பாகும். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் உழவர் இல்லங்களில், விருந்தினர் தாம் உண்ட இலையைத் தாமே எடுக்க விடுவதில்லை. அன்பினால் எழுந்த வழக்கம் இது. ஆனால், இதே வழக்கம் பொது இடத்திற்கு வரும்போது, ‘உண்பது என் உரிமை, எச்சிலை எடுப்பது பிறர் கடமை’ என்னும் செருக்காக மாறிவிடுகின்றது. அச்செருக்கு நீங்குதல் வேண்டும்.

இச்சமவெளியினின்று வேலை நாடிச் சிங்கப்பூர் செல்லும் இளைஞர், அங்குள்ள உணவங்காடி நிலையங்களில் வேறொரு பழக்கத்தைக் காண்பர். தெருவோரத்தில் உணவு விற்றவர்களைத் தூய்மையான ஓரிடத்தில் அமர்த்தும் பொருட்டு, 1970-களில் இத்தகைய நிலையங்கள் பல கட்டப்பட்டன. தமிழர் மிகுதியாகக் கூடும் தேக்கா நிலையத்தில் தோசையும் உண்டு. சீனர் உணவும் மலாய் உணவும் உண்டு. உண்ண வருவோர் வரிசையில் நின்று, பணம் செலுத்தி, தட்டைத் தாமே ஏந்திச் சென்று அமர்வர். அதிகாரிக்கும் கூலியாளுக்கும் ஒரே வரிசைதான்.

உண்டபின் தட்டை உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பதும் உண்பவர் பொறுப்பே. 2021 செப்டம்பர் முதல் இது சட்டத்தால் வலியுறுத்தப்படுகின்றது. தவறுவோருக்கு எச்சரிக்கையும், மீண்டும் தவறினால் தண்டமும் உண்டு. தளர்ந்த முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதில் விலக்கு உண்டு. இசுலாமியரின் உணவு நெறியை மதித்து, ஹலால் தட்டுகளுக்குத் தனியிடமும் ஒதுக்கப்பட்டுள்ளது.

‘எல்லாரும் தட்டை எடுத்தால், அத்தொழிலை நம்பி வாழ்வோர் என்னாவர்?’ எனச் சிலர் வினவலாம். மேசையைத் துடைக்கவும் தட்டுகளைக் கழுவவும் ஆட்கள் என்றும் தேவை. அவர்களுடைய சுமை குறையுமேயன்றி, அவர்கள் தேவை அற்றுப்போவதில்லை. மேலும், ஒருவர் எச்சிலை மற்றொருவர் சுமந்தே வாழவேண்டும் என்பது அறமாகாது.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. உணவு விடுதிகளில் சாதிக்கொரு பந்தி இருந்த காலத்தில், 1925-ஆம் ஆண்டு, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்குச் சாதி வேறுபாடின்றி யாவரும் ஒன்றாக வாழ்ந்தனர். தன் வேலையைத் தானே செய்வது இழிவன்று என்பதே காந்தியடிகள் தம் ஆசிரமங்களில் கற்பித்த பாடம்.

மாணவர்களும் இப்பாடத்தை நாள்தோறும் பயில்கின்றனர். 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இன்றும் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று உணவு பெறுகின்றனர். நாமக்கல் பண்ணைகளில் விளைந்த முட்டையும் அவர்கள் தட்டில் இடம்பெறுகின்றது. உண்டு முடித்ததும் அவர்களே தட்டைக் கழுவுகின்றனர். அதனால் எந்தப் பிள்ளையின் மதிப்பும் குறைந்துவிடவில்லை. வளர்ந்தபின் மட்டும் அது மானக்கேடாகத் தோன்றுவது ஏன்?

தன் கையே தனக்கு உதவி என்பர் பெரியோர். அயல்நாட்டில் சட்டத்திற்கு அஞ்சி எடுக்கும் தட்டை, நம் நாட்டில் மனச்சான்றுக்கு அஞ்சி எடுப்பதே சிறப்பு. பிறர் உழைப்பை மதிக்கும் பண்பு, உண்ட தட்டை எடுக்கும் கையிலிருந்தே தொடங்குகின்றது.