ஆரம்பநிலை மூக்குத்தொண்டைப் புற்றுநோய்: கதிர்வீச்சை விடலாமா?

மூக்குத்தொண்டைப் புற்றுநோய் முதல் நிலையிலேயே பிடிபட்டால் கதிர்வீச்சு தேவையில்லை, எண்டோஸ்கோப்பி வழியாகக் கட்டியை எடுத்துவிட்டால் போதும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக இருக்கிறது. எங்கள் அமைப்பு இதை இப்போது ஏற்கவில்லை. முதல் நிலை நோயாளிக்குக் கதிர்வீச்சே முதல் சிகிச்சை. அறுவை மட்டும் செய்வதென்றால் அது முறையாகப் பதிவான மருத்துவ ஆய்வுக்குள் நடக்கட்டும்.

நோய் இருக்கும் இடமே முதல் காரணம். மூக்கின் பின்கோடி, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டிய பகுதி. அருகிலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து அகலமாக வெட்டியெடுக்க இங்கே வாய்ப்பு குறைவு. தொண்டைக்குப் பின்னாலும் கழுத்திலும் உள்ள நிணநீர்க்கணுக்களுக்கு இந்நோய் சீக்கிரம் பரவும், சில நேரம் ஸ்கேனில் தெரியாத அளவில். கதிருக்கோ நன்றாகக் கட்டுப்படும்.

ஆனாலும் கேள்வி வீணானதல்ல. சுமார் ஏழு வாரங்களில் 70 கிரே அளவு கதிர் வாங்கியவர்களில் பலருக்கு வாய் உலர்ந்தே இருக்கும்; ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். பல் சொத்தை, காது மந்தம், தாடை இறுக்கம், தைராய்டு குறைபாடு எனப் பட்டியல் நீளும். நோய் குணமாகிப் பல்லாண்டு வாழப்போகிறவருக்கு இது சின்ன விலையல்ல.

அறுவை மட்டும் போதும் என்பதற்கு ஆதாரம்தான் மெலிவு. சீனாவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையத்திலிருந்து 2019இல் வந்த ஆய்வில் அறுவை மட்டும் பெற்றவர்கள் 10 பேர். முடிவுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் அவர்கள் தாமாக அறுவையைத் தேர்ந்தவர்கள், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்ல. 2021இல் லான்செட் ஆன்காலஜி வெளியிட்ட ஆய்வையும் பலர் காட்டுகிறார்கள். அதில் 200 பேர். மூன்றாண்டு உயிர்வாழ்வு அறுவையில் 85.8%, கதிர்வீச்சில் 68%. அது நோய் திரும்பி வந்தவர்களைப் பற்றியது. ஏற்கெனவே கதிர்பட்ட திசுவில் மறுபடி கதிர் பாய்ச்சுவது ஆபத்து என்பதால்தான் அங்கே அறுவை முந்துகிறது. அந்த எண்களை முதல்முறை நோயாளியிடம் காட்டுவது நியாயமில்லை.

அறுவையும் செய்து முழு அளவுக் கதிரும் கொடுப்பதை வழக்கமாக்குவதையும் எதிர்க்கிறோம். நோயாளி இரண்டின் பாரத்தையும் சுமப்பார், கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை. அறுவைக்குப்பின் கதிரின் அளவைக் குறைப்பது ஆராய வேண்டிய யோசனை.

சிகிச்சையைக் குறைக்க நல்ல முன்மாதிரி உண்டு. குறைந்த ஆபத்துள்ள 341 நோயாளிகளிடம் சீனாவில் நடந்து 2022இல் ஜாமாவில் வெளியான குலுக்கல் முறை ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுவரை நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் 90.5%, கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களில் 91.9%. அதன் பலத்தில்தான் இன்று அவர்களுக்குக் கீமோவைத் தவிர்ப்பது பற்றித் துணிந்து பேச முடிகிறது.

அறுவைக்கும் அப்படியொரு ஆய்வு வரும்வரை, அறுவை மட்டும் போதும் என்று சொல்லும் மருத்துவமனைகள், ஆதாரம் எவ்வளவு சிறியது என்பதை ஒப்புதல் படிவத்தில் தாய்மொழியில் எழுதித் தரவேண்டும். வெட்டிய விளிம்பில் புற்றுச் செல்கள் தெரிந்தால் கதிர்வீச்சுக்கு அனுப்பும் ஏற்பாடு அறுவைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.